'சேமிக்கவா?' என்று கேட்ட பெட்டி: ஒரு கொமினிகேஷன் கடைக் கணினியிலிருந்து கடவுச்சொற்கள் போன விதம்

2025 ஆவணி. நல்லூர்த் திருவிழாவில் தேருக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை இரவு கொக்குவிலில் இருக்கும் அன்ரி ஒருவர் எனக்குக் கோல் எடுத்தார். "தம்பி, நான் ஒருத்தரிட்டையும் காசு கேக்கேல்லை. ஆனா என்ர பேரில ஆரோ கேட்டிருக்கினம்" என்றார். குரல் நடுங்கியது.

அவருடைய பேஸ்புக் கணக்கிலிருந்து வெளிநாட்டு உறவினர் பலருக்கு ஒரே செய்தி போயிருந்தது. ரொறன்ரோவில் இருக்கும் மகன் முதல் வரியிலேயே பிடித்துவிட்டார். 'வணக்கம் மகனே, எனக்கு அவசரமாகப் பணம் தேவைப்படுகிறது' என்று தொடங்கியிருந்தது அது. "அம்மா என்னை ஒருநாளும் மகனே எண்டு கூப்பிட்டதில்லை அண்ணை, ராசா எண்டுதான். பணம் எண்டும் சொல்லமாட்டா, காசு எண்டுதான் சொல்லுவா" என்றார் அவர். லண்டனில் இருக்கும் பெறாமகளுக்கு அது தோன்றவில்லை. பெரியம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவாக்கும் என்று நினைத்து, கேட்ட வழியிலேயே காசை அனுப்பிவிட்டார். அந்தக் காசு திரும்பி வரவில்லை.

கணினி திருத்துவது என் தொழில். கணக்கு பறிபோனது என்று மாதத்தில் யாராவது வருவார்கள். அனேகமாக ஒரு பொய் இணைப்பை அழுத்தியிருப்பார்கள், அதோடு காரணம் தெரிந்துவிடும். இந்த முறை அப்படி முடியவில்லை. கடைசியில் கிடைத்த விடை, நம்முடைய ஒவ்வொரு சந்தியிலும் இருக்கும் கொமினிகேஷன் கடைக்கும் பொருந்துகிறது. அதனால்தான் முழுதாக எழுதுகிறேன். ஆளையும் கடையையும் அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் விட்டிருக்கிறேன்.

முதலில் கணக்கை மீட்க வேண்டியிருந்தது. பேஸ்புக்கில் பதிந்திருந்த மின்னஞ்சல் முகவரியைத் திருடன் மாற்றிவிட்டான். அப்படி மாற்றினால் பழைய முகவரிக்கு ஓர் எச்சரிக்கை வரும், அதிலுள்ள இணைப்பால் மாற்றத்தைத் திருப்பலாம். அன்ரியின் ஜிமெயிலைத் திறந்தால் அப்படி ஒரு மடலைக் காணவில்லை. குப்பைத்தொட்டியில் கிடந்தது. யாரோ ஜிமெயிலுக்குள்ளும் வந்து, அந்த மடலைத் தேடிப்பிடித்து அழித்திருந்தார்கள். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாமல் போனதோ, அதைப் பற்றி அக்கறைப்படவில்லையோ, நமக்கு நல்லதாகப் போயிற்று. பேஸ்புக் கணக்கு ரொறன்ரோ மகனின் தொலைபேசி எண்ணில்தான் திறக்கப்பட்டிருந்தது. தன் போனுக்கு வந்த ஆறு இலக்க உறுதிப்படுத்தும் எண்ணை அவர் வட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் இங்கே அடித்தேன். நள்ளிரவு தாண்டிக் கணக்கு திரும்பியது.

அப்புறம்தான் கேள்வி. கடவுச்சொல் எப்படிப் போனது?

அன்ரி எந்த இணைப்பையும் அழுத்தவில்லை. அவருடைய போனை இரண்டு முறை பார்த்தேன், சந்தேகப்பட ஒன்றும் இல்லை. வீட்டில் கணினி கிடையாது. "வேற எங்கையாவது ஈமெயில் திறந்தனீங்களோ அன்ரி?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "செவ்வாய்க்கிழமை கொமினிகேஷனுக்குப் போனனான். காணி உறுதி ஸ்கான் பண்ணி மகனுக்கு அனுப்ப. அங்க நிண்ட பெடியன் பாஸ்வேர்டைக் கேட்டான், சொன்னனான்."

அது மகனின் பெயரும் அவர் பிறந்த ஆண்டும். ஜிமெயிலுக்கும் பேஸ்புக்குக்கும் அதே சொல்தான். அதை அவர் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றபடி, பின்னால் மூன்று பேர் வரிசையில் நிற்க, சத்தமாகச் சொல்லியிருக்கிறார். இதில் அன்ரியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடவுச்சீட்டு விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு, பல்கலைக்கழகப் பதிவு, விசாப் படிவம் என்று எல்லாவற்றையும் இணையத்துக்குக் கொண்டுபோய்விட்டோம். கணினி இல்லாத ஒரு தாய்க்குக் கொமினிகேஷனை விட்டால் வேறு வழி இல்லை.

கடையில் கண்டது

சனிக்கிழமை காலை திருநெல்வேலிப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கடைக்குப் போனேன். உரிமையாளர் நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் முகம் கறுத்துப்போய், "வடிவாப் பாருங்கோ தம்பி, நான் ஒண்டையும் மறைக்கேல்லை" என்று தன் கதிரையை எனக்கு விட்டுத் தந்தார்.

போட்டோக் கொப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கணினி. விண்டோஸ் 7. ஒரே ஒரு பயனர் கணக்கு, அதற்குக் கடவுச்சொல் இல்லை. குரோம் 109ஆம் பதிப்பு. பழக்கமில்லாதவருக்கு இந்த எண் ஒன்றும் சொல்லாது. விண்டோஸ் 7க்கு மைக்ரோசொஃப்ட்டின் வழமையான ஆதரவு 2020 தை 14ஆம் தேதியோடு முடிந்தது. அந்த விண்டோஸில் ஓடும் கடைசிக் குரோம் 2023 தொடக்கத்தில் வந்த 109தான். அதன் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட எந்தக் குறைக்கும் இந்தக் கணினியில் ஒட்டுப் போடப்படவில்லை.

ஜிமெயில் பக்கத்தைத் திறந்து, மின்னஞ்சல் கேட்கும் கட்டத்தில் ஒருமுறை சொடுக்கினேன். கீழே ஒரு பட்டியல் விழுந்தது. முகவரிக்குக் கீழ் முகவரி. ஒவ்வொன்றுக்கும் அடியில் கறுப்புப் புள்ளிகள், அதாவது கடவுச்சொல்லும் சேர்ந்தே இருக்கிறது. உருட்ட உருட்ட முடியவில்லை. மாணவர்கள், ஆசிரியர்கள், வெளிநாட்டுக்குப் போகக் காத்திருக்கும் பெடியள், ஓய்வூதியம் எடுக்கும் ஐயாமார். பக்கத்தில் நின்ற உரிமையாளர், "இவ்வளவு பேரும் இதுக்குள்ள இருக்கினமோ?" என்று கேட்டார்.

இருந்தார்கள். வாடிக்கையாளரின் கணக்கு திறந்ததும் குரோம் மேல் மூலையில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டும்: கடவுச்சொல்லைச் சேமிக்கவா? கடையில் வேலை செய்யும் பெடியன் ஒவ்வொரு முறையும் 'சேமி'யை அழுத்தியிருக்கிறான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பெட்டி திரையை மறைக்கிறது, நீல நிறப் பொத்தான் முன்னால் தெரிகிறது, வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். அப்படியே நான்கு வருடம்.

குரோம் இவற்றை வைத்திருக்கும் கோப்பில் தள முகவரியும் பயனர் பெயரும் வெறும் எழுத்தாகவே இருக்கும், கடவுச்சொல் மட்டும்தான் மறைகுறியில். அதனால் யாருடைய கடவுச்சொல்லையும் பார்க்காமலே என்னால் எண்ண முடிந்தது. 143 பதிவுகள்.

பிறகு பதிவிறக்கப் பட்டியலைப் பார்த்தேன். புதன்கிழமை இரவு ஒரு ஸிப் கோப்பு வந்திருக்கிறது. அந்தக் கடையில் 31ஆம் நாள் நினைவு மலர்களும் செய்து கொடுப்பார்கள், பாமினி எழுத்துருவில் அடித்துப் பக்கம் அமைப்பது. பக்கம் அமைக்கும் மென்பொருள் உரிமம் கேட்கத் தொடங்கியதால், அதை உடைத்துத் தரும் 'கிராக்' ஒன்றை எங்கிருந்தோ இறக்கியிருக்கிறார்கள். ஸிப்புக்குள் ஒரு குறிப்பு: முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்து, பிறகு இந்தக் கடவுச்சொல்லைப் போட்டுத் திற. கோப்புக்குக் கடவுச்சொல் போடுவதே வைரஸ் தடுப்பு அதன் உள்ளே எட்டிப்பார்க்க முடியாதபடி செய்யத்தான். பெடியன் சொன்னபடியே செய்தான். "ஒண்டும் நடக்கேல்லை அண்ணை, கறுப்பா ஒரு ஜன்னல் வந்து உடன போட்டுது" என்றான். வேலை முடிவதற்கு அந்த ஒரு கணம் போதும். செவ்வாய் அன்ரி வந்தார், புதன் கிராக் ஓடியது, வெள்ளி கணக்கு பறிபோனது. அதே கிழமையில் வேறு மூன்று வாடிக்கையாளருக்கும் பேஸ்புக் பறிபோயிருந்ததை உரிமையாளர் பிறகு விசாரித்துச் சொன்னார். மூவருமே அந்தப் பட்டியலில் இருந்தவர்கள்.

பூட்டும் திறப்பும்

"குரோம் பூட்டித்தானே வைக்கும், பிறகெப்படி எடுத்தான்?" என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த நிகழ்வின் மையமே அதுதான்.

பூட்டு நல்ல பூட்டு. 2020இல் வந்த 80ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் குரோம் கடவுச்சொற்களை 256 பிட் மறைகுறியில் வைக்கிறது. யாராலும் அதை முட்டி உடைக்க முடியாது. ஆனால் பூட்டைத் திறக்கும் திறப்பு அதே கணினியில் இன்னொரு கோப்பில் இருக்கிறது. அந்தத் திறப்பை விண்டோஸ் காவல் காக்கிறது. விண்டோஸ் கேட்பது ஒன்றைத்தான்: நீ இந்தப் பயனர் கணக்கில் ஓடும் நிரலா? ஆம் என்றால் எடுத்துக் கொடுத்துவிடும். கேட்பது குரோமா, கிராக் கோப்புக்குள் ஒளிந்து வந்த திருட்டு நிரலா என்று அது பார்ப்பதில்லை. அலுமாரியைப் பூட்டித் திறப்பை நிலைக்கு மேலே வைத்துவிட்டுப் போவது போன்றது. வெளியில் நிற்பவனுக்கு அலுமாரி பூட்டியிருக்கிறது. வீட்டுக்குள் வந்துவிட்டவனுக்குக் கையை உயர்த்தினால் போதும்.

இதைக் குறை என்பதா, வடிவமைப்பு என்பதா என்பது பழைய வழக்கு. 2013 ஆவணியில் எலியட் கெம்பர் என்ற மென்பொருளாளர், குரோமின் அமைப்புப் பக்கத்துக்குப் போனால் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் யாருக்கும் அப்படியே தெரிகின்றன என்று எழுதினார். குரோமின் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைமை வகித்த ஜஸ்டின் ஷூ மறுத்தார். உன் பயனர் கணக்குக்குள் ஒருவன் வந்துவிட்டால் அவன் எதையும் செய்யலாம், நடுவில் ஒரு தடுப்பை வைப்பது பொய்யான நம்பிக்கையைத்தான் தரும் என்பது அவருடைய வாதம். பின்னர் குரோம் அந்தத் தடுப்பை வைத்தது, இப்போது கண் அடையாளத்தை அழுத்தினால் விண்டோஸ் கடவுச்சொல்லைக் கேட்கிறது. அந்தக் கடைக் கணினியில் விண்டோஸ் கடவுச்சொல்லே இல்லாததால் அது ஒன்றும் கேட்கவில்லை. கொப்பி எடுக்க வந்து நிற்பவர் மேசைக்கு அந்தப் பக்கம் போனாலே போதுமாக இருந்திருக்கும்.

ஷூவின் வாதம் தர்க்கமாகச் சரிதான். ஆனால் அது ஒரு ஆளுக்கு ஒரு கணினி இருக்கும் ஊரை மனதில் வைத்துச் சொல்லப்பட்டது. இங்கே ஒரு கணக்கில் ஊரே உட்காருகிறது. சேமிக்கவா என்று கேட்கும் பெட்டிக்கு, யாருடைய கடவுச்சொல்லை யாருடைய கணினியில் சேமிக்கக் கேட்கிறோம் என்று தெரியாது. என் பார்வையில் குறை அங்கேதான் தொடங்குகிறது. திருட்டு நிரல் வந்து அள்ளியது, அள்ளுவதற்கு 143 பதிவுகளை ஓரிடத்தில் குவித்துக் கொடுத்தது பிரவுசர்.

2024 ஆடியில் வந்த 127ஆம் பதிப்பில் கூகிள் இதை ஓரளவு திருத்தியது. முதலில் குக்கிகளுக்கு (உள்ளே நுழைந்தவரை அடையாளம் காணத் தளங்கள் பிரவுசரில் வைக்கும் சின்னக் குறிப்புகள்) மட்டும், கேட்கும் நிரல் குரோம்தானா என்று பார்த்துத் திறப்பைக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். சில வாரங்களிலேயே திருட்டு நிரல் எழுதுகிறவர்கள் சுற்றுவழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனாலும் அது திருடனுக்குச் சிரமத்தைக் கூட்டியது, வைரஸ் தடுப்பின் கண்ணில் படும்படி சத்தம் போடவும் வைத்தது. 109இல் நின்றுவிட்ட கடைக் கணினிக்கு அந்தச் சின்னக் காவலும் வந்து சேரவில்லை.

இந்த வகை நிரல்கள் ஒரு தொழிலாகவே நடக்கின்றன. ரெட்லைன், லும்மா என்று பெயர் வைத்து மாத வாடகைக்கு விடுகிறார்கள். 2024 ஐப்பசியில் ரெட்லைனைப் பல நாட்டுப் பொலிசார் சேர்ந்து முடக்கினார்கள். 2025 வைகாசியில் லும்மா மீது நடவடிக்கை எடுத்தபோது, அதற்கு முந்திய இரண்டு மாதத்தில் மட்டும் 394,000 விண்டோஸ் கணினிகளில் அதைக் கண்டதாக மைக்ரோசொஃப்ட் சொன்னது.

ஜிமெயிலுக்குள் வந்தது இன்னொரு வழி

அன்ரியின் ஜிமெயிலில் புது இடத்திலிருந்து நுழைந்தால் போனுக்குக் கேட்டு உறுதி செய்யும் அமைப்பு இருந்தது. அவருடைய போனுக்கு ஒன்றுமே வரவில்லை. காரணம், திருடன் அந்த வாசலால் வரவே இல்லை. ஒருமுறை உள்ளே போனதும் ஜிமெயில் பிரவுசருக்கு ஒரு குக்கி கொடுக்கும், 'இவர் ஏற்கெனவே சோதிக்கப்பட்டவர்' என்ற சீட்டு. செவ்வாய்க்கிழமை காணி உறுதியை அனுப்பி முடிந்ததும் பெடியன் ஜன்னலை மூடினான், வெளியேறவில்லை. சீட்டு அங்கேயே கிடந்தது. புதன் இரவு கடவுச்சொற்களோடு அதுவும் போயிற்று. சீட்டு கையில் இருப்பவனை மறுபடி யாரும் கடவுச்சொல் கேட்பதில்லை, ஆறு இலக்கமும் கேட்பதில்லை. 2023 பங்குனியில் 'லைனஸ் டெக் டிப்ஸ்' என்ற பெரிய யூடியூப் அலைவரிசை பறிபோனதும் இப்படித்தான். கணினியைப் பற்றியே பேசுகிற அந்த நிறுவனத்தில் ஓர் ஊழியர், விளம்பர ஒப்பந்தம் என்று வந்த கோப்பைத் திறந்தார். அவர்களுக்கே அது நடந்தது என்றால் நம்முடைய பெடியனை என்ன சொல்வது.

வேறு வழியால் கசிந்திருக்குமோ என்றும் பார்த்தேன். பிரவுசர் தானாக நிரப்பும் வசதிக்குப் பழைய வரலாறு உண்டு. 2006இல் மைஸ்பேஸ் தளத்தில் ஒருவர் தன் பக்கத்திலேயே போலி உள்நுழைவுப் படிவம் ஒன்றை வைத்தார். தளத்தின் பெயர் சரியாக இருந்ததால் ஃபயர்ஃபொக்ஸ் சேமித்த பெயரையும் கடவுச்சொல்லையும் அதில் நிரப்பிக் கொடுத்தது, படிவமோ வேறு இடத்துக்கு அனுப்பியது. 2017இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது இன்னும் நுட்பமானது. 1,110 தளங்களில் விளம்பர நிரல்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு படிவத்தை வைத்து, பிரவுசர் நிரப்பும் மின்னஞ்சலைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. கடவுச்சொல்லை எடுத்ததாக அவர்கள் காணவில்லை, எடுக்க வழி இருந்தது. குரோம் பக்கத்தில் எங்காவது சொடுக்கும் வரை கடவுச்சொல்லைப் பக்கத்துக்குக் கொடுப்பதில்லை. ஒரு சொடுக்கு எவ்வளவு சின்னத் தடை என்பது யாருக்கும் தெரியும்.

நேரடியான குறைகளும் உண்டு. 2025 வைகாசியில் குரோமில் திருத்தப்பட்ட, சிவிஇ-2025-4664 என்ற பதிவு எண் கொண்ட குறை அப்படிப்பட்டது. ஒரு பக்கம் இன்னொரு தளத்திலிருந்து படம் ஒன்றை ஏற்றும்போது, அந்தத் தளம் அனுப்பும் ஒரு தலைப்புக் குறிப்பைக் கேட்டு, குரோம் முழு முகவரியையும் அதற்குக் கொடுத்துவிடும். 'கூகிளால் உள்நுழை' போன்ற பொத்தான்கள் வேலை செய்யும்போது அந்த முகவரியின் வாலில் உள்நுழைவுச் சங்கேதம் தொங்கும். படம் கொடுத்தவன் சங்கேதத்தை எடுத்துக்கொள்ளலாம். 136ஆம் பதிப்பில் அடைத்தார்கள். கடைக் கணினியின் பதிப்பு என்ன என்பதை மேலே சொல்லிவிட்டேன். ஆனாலும் நான்கு பேர் ஒரே கிழமையில், ஒரே பட்டியலிலிருந்து, கிராக் ஓடிய பிறகு என்று பார்க்கும்போது, இந்த வழிகள் எதுவும் இங்கே பொருந்தவில்லை. காரணம் அந்த ஸிப் கோப்புத்தான் என்று முடிவு செய்தேன்.

செய்தது

வலைக் கம்பியைக் கழற்றினேன், அதுதான் முதல் வேலை. அன்ரியின் இரண்டு கணக்குகளுக்கும் போனிலிருந்தே புதிய, வெவ்வேறான கடவுச்சொல் வைத்து, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றினோம். திருடப்பட்ட சீட்டு செல்லாமல் போவது அப்போதுதான். இதை அதே கடைக் கணினியில் செய்திருந்தால் புதிய சொல்லும் சேர்ந்து போயிருக்கும்.

பழைய கணினியை முழுதாக அழித்து மறுபடி ஏற்றி, நினைவு மலர் அடிக்க மட்டும் வைத்தோம். இனி அது இணையத்தோடு சேராது. பக்கம் அமைக்க இலவசமாகக் கிடைக்கும் ஸ்க்ரைபஸைப் போட்டுக் கொடுத்தேன். பழகக் கொஞ்ச நாள் எடுக்கும், பெடியன் முகம் சுளித்தான், பரவாயில்லை. இணையத்துக்கு விண்டோஸ் 11 ஓடும் பாவித்த கணினி ஒன்றை உரிமையாளர் வாங்கினார். அதில் கடவுச்சொல் சேமிக்கக் கேட்கும் வசதியையே நிறுத்தினேன். வாடிக்கையாளர் வேலை எல்லாம் குரோமின் விருந்தினர் ஜன்னலில், அதை மூடினால் குக்கியும் சேர்ந்து அழியும்.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் உரிமையாளர் தானாகச் செய்தது. நீள வயர் உள்ள இரண்டாவது விசைப்பலகை ஒன்றை மேசைக்கு வெளிப்பக்கம் வைத்துவிட்டார். கடவுச்சொல் கேட்கும் இடம் வந்ததும் பெடியன் கையை எடுத்துவிட்டு, "அம்மா, நீங்களே அடியுங்கோ" என்கிறான். தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு எழுத்துகளைத் தேட நேரமெடுக்கிறது. வரிசை கொஞ்சம் நீள்கிறது. ஒருவரும் முணுமுணுத்ததாகத் தெரியவில்லை.

2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி பிறர் கணக்குக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். லண்டன் பெறாமகள் அங்கே வங்கியிலும் பொலிசிலும் முறையிட்டார். நாங்கள் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்புக்கு அறிவித்தோம்.

மிச்சம் இருந்தது மற்றவர்கள். 143 பதிவுகளில் ஒரே ஆளுடையவற்றைச் சேர்த்தால் 96 பேர் வந்தார்கள். உரிமையாளர் இதை மறைத்திருக்கலாம், கடைக்குக் கெட்ட பெயர் வரும் என்று வீட்டில் சொல்லியும் இருக்கிறார்கள். அவர் பில் கொப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டு, பெயரையும் போன் எண்ணையும் ஒப்பிட்டு, தேர் முடிந்த மறுநாளிலிருந்து ஒவ்வொருவருக்காகக் கோல் எடுத்தார். "உங்கட பாஸ்வேர்ட் எங்கட கடையால போயிருக்கு, இப்பவே போனில மாத்துங்கோ, பேஸ்புக்குக்கும் வங்கிக்கும் அதே சொல் எண்டா அதையும் மாத்துங்கோ" என்று அதே மூன்று வசனங்கள். சிலர் ஏசினார்கள். ஓர் ஆசிரியர், ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி என்றார். நான்கு நாள் பிடித்தது.

19 பேருக்கு எண் இல்லை, அல்லது எண் மாறிவிட்டது. மின்னஞ்சல் போட்டால் அதைத் திருடனே திறந்து அழிக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க முடியவில்லை. அந்த 19 பெயரும் ஒரு தாளில் எழுதிக் காசு லாச்சிக்குள் இருக்கிறது. கொப்பி எடுக்க யாராவது வந்து பெயர் சொன்னால் பெடியன் முதலில் லாச்சியைத் திறந்து பார்க்கிறான். போன கிழமை நான் போனபோது ஏழு பெயர் வெட்டப்பட்டிருந்தது.